நாம் அமரும் பலகை



வருகிற மாதம் கூடவிருக்கும் நம் சேகரக் கமிட்டியின் முன் ஒரு கேள்வி இருக்கிறது. ஆலயத்திலுள்ள தேக்குப் பெஞ்சுகளையும், தலைக்குமேல் பரந்திருக்கும் பலகை மச்சையும் அகற்றிவிட்டு உட்புறத்தைப் புதிய முறையில் அமைக்கலாமா என்பதே அது. பெஞ்சுகளுக்கு நல்ல விலை தரவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். என் எண்ணத்தைக் கேட்டவர்களுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை அவசரமாகப் பதில் சொல்லி, ஒருவருக்குத் தீங்கு செய்தவன் நான். அதை உங்களிடம் அறிக்கையிட்டே இவ்வாரத் தியானத்தைத் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சேகரத்தில் பணியாற்றியபோது, ஓடு வேய்ந்த பழைய ஆலயம் ஒன்றைப் புதுப்பித்தோம். கரையான் அரித்த நான்கைந்து பலகைகளைக் காட்டி, மச்சு முழுவதையும் இறக்கிவிடலாம் என்று சொன்னவர்களுள் நானும் ஒருவன். மேலே வழவழப்பான பிளாஸ்டிக் பலகைகள் வந்தன. சுவர்களில் தோள் உயரத்துக்கு டைல்ஸ், தரையில் கிரானைட், பெஞ்சுகளின் இடத்தில் இரும்பு நாற்காலிகள். பிரதிஷ்டை நாளில் எல்லாம் பளபளத்தன. எல்லாரும் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன்.

சில வாரங்களுக்குள், எப்போதும் மூன்றாம் வரிசையில் அமரும் வயதான தாயார் ஒருவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குச் சென்று, "சுகமில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"சுகத்துக்கு ஒண்ணுமில்ல ஐயா. நீங்க பேசுறது சத்தமாத்தான் கேக்குது, ஆனா வார்த்தை விளங்கல. வீட்டுக்கு வந்தா தலை இடிக்குது. அந்த இரும்பு நாற்காலி காலையில சில்லுன்னு இருக்குது. மரப் பெஞ்சுன்னா முதுகைச் சாச்சு உக்காந்திருப்பேன்" என்றார்.

நான் அவருடைய காதைப் பரிசோதிக்கும்படி ஆலோசனை சொல்லிவிட்டு, ஜெபித்துத் திரும்பினேன். அடுத்த ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்கிடையில் ஆலயத்துக்கு அவர் வந்தது இரண்டே முறை, இரண்டும் நற்கருணைக்காக.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையல்ல என்பதைப் பின்னரே கற்றுக்கொண்டேன். டைல்ஸும் கிரானைட்டும் கண்ணாடியும் ஒலியைத் தம்முள் வாங்கிக்கொள்வதில்லை. வந்த வேகத்திலேயே திருப்பியனுப்பிவிடும். ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் வந்து விழும். இளங்காதுகள் அவற்றைப் பிரித்தறிந்துகொள்ளும். முதிர்ந்த காதுகளுக்கு அது இயலாது. பழைய பலகை மச்சோ, தனக்கு மேலுள்ள காற்றிடைவெளியோடு சேர்ந்து சற்றே அதிர்ந்து, கனத்த ஒலிகளின் ஒரு பங்கை விழுங்கிவந்தது. அதன் உத்தரங்களும் இடுக்குகளும் எஞ்சிய ஒலியைச் சிதறடித்தன. மரம் ஒலியை முற்றிலும் உறிஞ்சும் பொருளன்று. ஆயினும் நாங்கள் கொண்டுவந்து நிரப்பியவற்றைக் காட்டிலும் அது அந்தத் தாயாரின் காதுக்கு இரக்கமுள்ளதாயிருந்தது.

நாற்காலியின் காரியமும் அப்படியே. இரும்பு, மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், இரும்பைத் தொடும்போது நம் சரீரத்தின் சூடு அதற்குள் ஓடிவிடுகிறது. அதையே நாம் குளிர்ச்சியென உணர்கிறோம். மரத்தின் நுண்ணறைகளில் அடைபட்டிருக்கும் காற்று அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. மேலும், மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, காற்று வறளும்போது திருப்பித் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுப்பது இதனால்தான். பரந்த மரப்பரப்புள்ள அறையில் ஈரப்பதத்தின் ஏற்றத்தாழ்வு சற்றுத் தணிகிறது. தடித்த பெயின்டும் வார்னிஷும் பூசினால் இந்த நன்மை பெரிதும் குறைந்துவிடும்.

மனதுக்கும் இதில் பங்குண்டா? ஜப்பானின் சிபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 18 மாணவியர் கண்களை மூடி, ஓக் மரம், பளிங்கு, ஓடு, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றை உள்ளங்கையால் 90 விநாடிகள் தொட்டார்கள். மரத்தைத் தொட்டபோது மூளையின் முன்பகுதியின் பரபரப்புத் தணிந்து, சரீரம் இளைப்பாறும் வேளையில் செயல்படும் நரம்புமண்டலம் மேலோங்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2010-இல் டேவிட் ஃபெல் சமர்ப்பித்த ஆய்வேடும், மரச்சாமான்கள் உள்ள அறையில் அமர்ந்தவர்களிடம் மன அழுத்தத்துக்குரிய நரம்பு எழுச்சி குறைவாயிருந்ததைக் காட்டியது. இவை சிறிய ஆய்வுகள். மரம் நோயைக் குணமாக்கும் என்று இவை சொல்லவில்லை. நாமும் அப்படிச் சொல்லலாகாது.

பின்லாந்தில் அல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் பைமியோ என்னுமிடத்தில் காசநோயாளருக்காக ஒரு மருத்துவமனையை வடிவமைத்தார். அது 1933-இல் முடிக்கப்பட்டது. காசநோயைக் கொல்லும் மருந்து அப்போது உலகில் இல்லை. ஓய்வும் காற்றும் வெளிச்சமுமே சிகிச்சை. அக்காலத்தில் புதுமையாயிருந்த இரும்புக்குழாய் நாற்காலிகள் மனிதருடைய தொடுதலுக்கு ஒவ்வாத குளிர்ச்சியுடையவை எனக் கருதிய ஆல்டோ, பிர்ச் மரத் தகடுகளை வளைத்து, மூச்சுவிட எளிதான சாய்வுள்ள நாற்காலியைச் செய்தார். நாள்முழுதும் படுத்திருப்பவரின் கண் மேற்கூரையையே காணும் என்பதால், அதற்கு மென்மையான வண்ணம் பூசினார். அவர் அந்த அறையை நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தார். நானோ, பழைய சேகரத்தில், ஆலயத்தைப் பீடத்தில் நின்றபடியே பார்த்தேன்.

தூரத்துக்குப் போவானேன்? நம் குமரி மாவட்டத்தில் தக்கலையருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. வெயில் கொளுத்தும் மதியத்தில் அதற்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும்: செதுக்கிய மர மச்சுகளும், காற்றை மட்டும் உள்ளே விட்டு வெயிலைத் தடுக்கும் மரச் சட்டங்களும், ஓட்டுக்கூரையின் ஆழ்ந்த நிழலும் சேர்ந்து, மின்விசிறியின்றியே உடலைத் தணிவிக்கின்றன. அங்கே 64 வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லப்படும் கட்டிலைக் காட்டுவார்கள். அதில் படுத்தால் நோய் தீருமா என்பதை நான் அறியேன். அந்த மர வேலைப்பாட்டின் நிழலில் சற்று நேரம் அமர்ந்தபோது என் மூச்சு சீரானதை மட்டும் அறிவேன்.

அன்பானவர்களே, மரம் என்று பெயர் பெற்ற எல்லாமே சுகத்துக்குரியவை அல்ல. பிளைவுட், எம்.டி.எஃப்., துகள் பலகை ஆகியவற்றை ஒட்டும் பசைகள் பலவற்றிலிருந்து பார்மால்டிஹைடு என்னும் வாயு மெல்லக் கசியும். புதிய அலமாரியைத் திறந்ததும் கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் இதனால் நேரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது. புதிதாகச் செய்த அறையில் குழந்தையையோ நோயாளியையோ உடனே படுக்கவைக்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பல நாள் காற்றோட்டம் கொடுங்கள். கசிவு குறைந்த ரகம் எது என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. மரத்தை இழைக்கும்போது எழும் தூசியையும் அதே முகமை 1995-இல் அவ்வாறே வகைப்படுத்தியது. மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய் வருவதை மரத்தொழிலாளரிடையே கண்டிருக்கிறார்கள். சாலொமோன் கட்டின ஆலயத்தின் உட்சுவர்கள், ஒரு கல்லும் கண்ணில் படாதபடி கேதுருப் பலகைகளால் மூடப்பட்டிருந்தன என்று வேதத்தில் வாசித்திருக்கிறோம். அந்த மரத்துக்காக 30,000 பேர், மாதத்துக்கு 10,000 பேராக, முறைவைத்து லீபனோனுக்கு அனுப்பப்பட்டதையும் அதே புத்தகம் சொல்கிறது. ஆலயத்தின் அழகைப் பிரசங்கித்த நான், அந்த மனிதரின் முதுகையும் மூச்சையும் எண்ணிப்பார்த்ததில்லை. நம் ஆண்டவர் வளர்ந்ததும் ஒரு தச்சனுடைய வீட்டில்தான்.

ஆகவே, கமிட்டியின் முன் என் எண்ணம் இது. அரித்துப்போன பலகைகளை மட்டும் மாற்றுவோம். நல்ல பெஞ்சுகளை இழைத்துச் சீர்செய்வோம். முதுகு வலிப்பவர்களுக்குத் திண்டு தைத்துக் கொடுப்போம். வேலை செய்யும் ஆசாரிமாருக்கு நல்ல முகக்கவசமும் காற்றோட்டமுள்ள இடமும் நம் செலவிலேயே தருவோம். சக்கர நாற்காலியில் வருவோருக்காக முன்வரிசையில் ஒரு பெஞ்சை எடுப்பது நலமென்றால், அதையும் மனமுவந்து செய்வோம்.

முடிவெடுக்குமுன் உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். உங்கள் வீட்டிலுள்ள முதியோரிடமும் சுகவீனரிடமும் கேளுங்கள்: ஆராதனையில் எங்கே அமர்ந்தால் வார்த்தை விளங்குகிறது, எதில் சாய்ந்தால் வலி தெரியாமலிருக்கிறது, எந்த இடத்தில் புழுக்கம் தாங்கவில்லை என்று. அவர்கள் சொல்வதை எழுதி, வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடமோ கமிட்டிச் செயலாளரிடமோ கொடுங்கள். அன்று ஒரு தாயாரிடம் நான் கேட்கத் தவறியதை, இம்முறை எல்லாரிடமும் கேட்டுவிட்டே தொடங்க விரும்புகிறேன்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்