பெட்டியை எங்கே மாட்டலாம்?

பி.காம். படித்தவன் அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்தால் அவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. பொருளாளர் பதவி! 'கணக்கு படிச்சவர் நீங்கதான் சார்' என்று ரசீது புத்தகத்தைக் கையில் திணித்துவிடுவார்கள். நான் பத்திரிகைக்காரன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். 'அப்ப மினிட்ஸும் நீங்களே எழுதிடுங்க' என்றார்கள்.

அப்படித்தான் 2014-ல் அந்தப் பெட்டி என் தலையில் வந்து விழுந்தது.

வேளச்சேரிப் பக்கம் எங்கள் கட்டடம். நாலு மாடி. ஏரியா இன்டர்நெட்காரர் ஒருவர் வந்து, 'மொட்டை மாடியில ஒரு இரும்புக் கம்பம் நட்டுக்கறேன் சார். சுத்துவட்டார வீடுகளுக்கு ஒயர்லெஸ்ல நெட் குடுக்கலாம். மாசாமாசம் வாடகை தர்றேன்' என்றார். கம்பத்தைப் பற்றி மூன்று மீட்டிங் போட்டோம். கதிர்வீச்சு வருமா, வாஸ்து இடிக்குமா, காக்கா கூடு கட்டுமா... எல்லாம் கேட்டார்கள். கம்பத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியை எங்கே மாட்டுவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

பெட்டி ஒன்றும் பிரமாதமான சமாசாரம் இல்லை. உள்ளே ஒரு சார்ஜர், 12 வோல்ட் பேட்டரி இரண்டு. கம்பத்தில் இருக்கிற ரேடியோக்கள் மொத்தமாக 30 வாட்தான் தின்னும். பழைய டியூப்லைட்டைவிடக் குறைவு. பேட்டரி 18 ஆம்பியர் ஹவர். 24-ஐ 18-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் பதினாலு மணி நேரம் வருகிறது. எங்கள் பாஷையில் தேய்மானம் கழித்து, பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரைத்தளத்து மீட்டர் ரூமில் மாட்டினார்கள். ரிப்பேருக்கு மாடி ஏற வேண்டாம் பாருங்கள். 2015 டிசம்பர் 1-ம் தேதி என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் ரூமில் என் மார்பளவு தண்ணீர். வடிந்த பிறகு திறந்து பார்த்தால், பெட்டி மீன் தொட்டி ஆகியிருந்தது.

'இனிமே மேலதான் சார்' என்றார் இன்டர்நெட்காரரிடம் வேலை பார்க்கும் தம்பி. இருபத்திரண்டு வயசு. ஐ.டி.ஐ. படித்தவர். கீழேயிருந்து மேலே வரை இழுத்தால் ஒயரிலேயே கரண்ட் வீணாகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தார். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால், அதே வாட்டுக்கு ஓடுகிற கரண்ட் பாதியாகும். ஒயரில் சூடாகி வீணாவது கால்வாசியாகும். செல்போன் டவர்களில் 48 வோல்ட் வைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது. வட்டிக்கு வட்டி கணக்கைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்ததால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

சரி, மேலே என்றால் எங்கே? தரையில் ஸ்டாண்டு அடிக்கலாம். ஆனால், தட்டோட்டில் ஓட்டை போட்டால் கீழ் வீட்டில் ஒழுகும். அப்புறம் யார் திட்டு வாங்குவது? படிக்கட்டு மேலே வந்து முடிகிற ஹெட்ரூமில் மாட்டலாம். அதற்குத் தனியாக ஒயரிங் செய்ய 3,400 ரூபாய், எங்கள் பங்கு. மூன்றாவது வழி, கம்பத்திலேயே பன்னிரண்டு அடி உயரத்தில் இரண்டு கிளாம்ப் போட்டு மாட்டிவிடுவது. எங்களுக்குச் செலவே இல்லை.

பொருளாளர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்? மினிட்ஸ் புத்தகத்தில் இன்றைக்கும் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

2016 டிசம்பர் 12. வர்தா. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நாலு மடங்கு. தட்டையான இரும்புப் பெட்டி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்ததில், கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் தம்பி வந்தார், வேறு பேட்டரி மாற்ற. ஒவ்வொன்றும் ஆறு கிலோ. தூறல் வேறு. நான் குடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரியைத் தோளில் தொங்கவிட்டு ஏறியவருக்குக் கால் வழுக்கியது. இடுப்பு பெல்ட் பிடித்துக்கொண்டது. கம்பத்தில் மோதி ஆடிக்கொண்டே ஒரு நிமிஷம் தொங்கினார். பேட்டரி கைப்பிடிச் சுவரில் பட்டுக் கீழே உடைந்தது. இறங்கி வந்தவருக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். 'ஒண்ணும் இல்ல சார். ஒரு டீ கிடைக்குமா?' என்றார். என் மனைவி டீ கொடுத்தாள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாதா மாதம் இப்படித்தான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மிச்சம் பிடித்த 3,400 ரூபாய்க்கு!

அடுத்த வாரமே பெட்டியை ஹெட்ரூமின் வெளிச்சுவருக்கு இறக்கினோம். மேற்குப் பக்கம். புத்தி வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. இரண்டாவது கோடையில் பேட்டரி இரண்டும் பூரி மாதிரி உப்பிவிட்டன. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சாயங்கால வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வடக்குச் சுவரில் மாட்டினால் வெயிலே படாது என்றார் ஒருவர். குளிர்தேசத்தில் சரி. நம் ஊரில் அக்னி நட்சத்திர நாட்களில் உச்சிவெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் அடிக்கிறது.

'உள்ளே மாட்டிடலாம்' என்றேன். மீட்டிங்கில் கூச்சல். துணி காயப்போடப் போகும்போது ஷாக் அடித்தால்? குழந்தைகள் தொட்டால்? நான் பழைய மினிட்ஸைப் பிரித்து, அந்தப் பக்கத்தை வாசித்தேன். அப்புறம் தம்பி தொங்கியதைச் சொன்னேன். ஒருத்தரும் பேசவில்லை. செக்ரட்டரி மட்டும், 'பூட்டு போட்ட பெட்டியா பாத்து வாங்குங்க' என்றார்.

இப்போது ஹெட்ரூமுக்குள், நெஞ்சு உயரத்தில், சுவரிலிருந்து இரண்டு விரல் காற்று இடைவெளி விட்டு இருக்கிறது. ஒயர் கீழ்ப்பக்கமாகத்தான் நுழையும், ஒரு வளைவு போட்டு. மழைத்தண்ணீர் ஒயர் வழியே வந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும். கம்பத்தின் எர்த்தும் பெட்டியின் எர்த்தும் ஒன்றாக இணைத்திருக்கிறது. மேலே போவது நெட்வொர்க் கேபிள்கள் மட்டும்தான். டேட்டாவும் கரண்ட்டும் அதிலேயே போகும். 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்குப் பதினைந்தே போதும்.

2023 டிசம்பர், மிக்ஜாம். மறுபடி தரைத்தளத்தில் தண்ணீர். செல்போன் சிக்னல் செத்துப்போச்சு. கீழ் வீட்டுக்காரர்கள் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, இன்வெர்ட்டரில் ஓடிய ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் தகவல் சொன்னார்கள். ராத்திரி முழுக்க ஓடி, விடியற்காலையில்தான் பேட்டரி தீர்ந்தது.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் தம்பி வந்தார். இப்போது அவருக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கூட வந்த புதுப் பையன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்து, கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

'பெல்ட் எடுத்துட்டு வரட்டாண்ணே?'

'எதுக்குடா?' என்றபடி தம்பி ஹெட்ரூமுக்குள் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றவாக்கிலேயே பெட்டியைத் திறந்தார்.