அடுக்களையில் பேசிய கண்ணகி

நம் சங்கத்து அன்பர் சிலர் திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி, ஏதேனும் ஒரு தமிழ் நூலைப் படித்து உரையாடி வருவதை நேயர்கள் அறிவார்கள். சென்ற திங்கள் என் இல்லத்தில் கூடினோம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை எடுத்துக்கொண்டோம். அன்று நிகழ்ந்த ஒன்று என் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. அதனையே இங்கு எழுதுகிறேன்.

பேச்சு, எதிர்பார்த்தவாறே, கோவலனைப் பற்றியே தொடங்கிற்று. மனைவியைத் துறந்து பொருளை அழித்தவன், தன் வினையின் பயனைத் தானே நுகர்ந்தான் என்றார் ஒருவர். ஊழ்வினை உருத்து வந்தபின் அவன் என் செய்வான் என்று பரிந்தார் மற்றொருவர். அரசியல் பிழைத்தோர்க்கு அறமே எமனாகும். கற்புடையாளை உயர்ந்தோரும் போற்றுவர். முன்வினை தவறாமல் வந்து பயன் ஊட்டும் என, பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த மூன்று கருத்துகளும் முறையாக வந்து போயின.

அப்போது கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். "புகாரில் இருந்த கண்ணகி வாய் திறவாதவள். மதுரைக் கண்ணகியோ அரசனை எதிர்த்து வழக்குரைத்து ஊரையே எரித்தவள். இவ்விருவரும் ஒருத்தியே என்று எப்படி நம்புவது? பாத்திரப் படைப்பில் இது ஒரு குறை அல்லவா?" தக்க வினாதான். துயரம் மிகும்போது அடக்கம் உடையும் என்று மூத்தவர்களாகிய நாங்கள் விடை கூறினோம். இளைஞர் தலையசைத்தார், ஆனால் அவர் முகத்தில் நிறைவு தோன்றவில்லை.

காப்பி கொண்டு வந்த என் மனைவி வாயிலருகே நின்றாள். எங்கள் கூட்டத்தில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. "அவள் முதன்முதலில் வழக்குரைத்தது அரசவையில் இல்லையே! மாதரி வீட்டில், சோறு படைத்த பிறகு, கணவனிடம் அல்லவா உரைத்தாள்? அந்த இடத்தை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்?" என்று கூறிவிட்டு உள்ளே சென்றாள்.

நாங்கள் ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டினோம்.

கொலைக்களக் காதையின் தொடக்கம் அது. கவுந்தியடிகள் ஒப்படைத்த அடைக்கலத்தை ஏற்று, இடைக்குல மூதாட்டி மாதரி, அவ்விருவருக்கும் ஒரு சிறு மனையைத் தருகிறாள். பெருவணிகர் குலத்துப் பிறந்த கண்ணகி அங்கே அரிவாள் பிடித்துக் காய் அரிகிறாள். விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, அடுப்புப் புகையில் கண்கள் சிவக்கின்றன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டி உதவுகிறாள். கணவனைத் தடுக்கில் அமர்த்தி, அடி கழுவி, தரையில் நீர் தெளித்து, வாழையிலை இட்டு உணவு படைக்கிறாள். உண்டபின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள்.

அயலூரில் ஒரு பெண் மூட்டிய முதல் அடுப்பு அது. ஊர்விட்டு ஊர் வந்து, யாரோ ஒருவர் ஒதுக்கிக் கொடுத்த அறையில், கிடைத்த பாத்திரத்தைக் கொண்டு முதல் நாள் சமைத்த பெண்டிர் நம் இல்லங்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இப்பகுதிக்கு உரை தேவையில்லை.

அப்பொழுதுதான் கோவலன் மனம் உடைந்து பேசுகிறான். தீயோருடன் கூடித் திரிந்ததையும், முதிய பெற்றோர்க்குச் செய்யவேண்டிய கடமையில் தவறியதையும், அவளுக்கு இழைத்த கொடுமையையும் தானே எடுத்துரைக்கிறான். புறப்படு என்று தான் சொன்னவுடன், மறுப்பேதும் இன்றி அவள் புறப்பட்டு விட்டதை எண்ணி வியந்து உருகுகிறான்.

அதற்குக் கண்ணகி கூறும் மறுமொழியைத்தான் நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். அவன் பிரிந்திருந்த நாளில் அறவோர்க்கு ஈதலும் விருந்தினரை எதிர்கொள்ளுதலும் ஆகிய இல்லறக் கடமைகளை இழந்தேன் என்கிறாள். அவன் பெற்றோர் வந்து அன்பு காட்டியபோது, நோயை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன் என்றும், அச்சிரிப்பே அவர்கள் உள்ளத்தை வருத்தியது என்றும் கூறுகிறாள். இறுதியில், நல்லோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர், ஆயினும் மாறுதல் அறியாத உள்ளம் எனக்கு வாய்த்ததால் உடன் எழுந்தேன் என்று முடிக்கிறாள். கணவன் முகத்துக்கு நேரே அவள் கூறும் முதற் குற்றச்சாட்டு இதுவே. அதில் கதறல் இல்லை, சாபம் இல்லை. நடந்தது இன்னது, இழந்தது இன்னது, நீர் செய்தது இன்னது என்று வரிசைப்படுத்தும் தெளிவு இருக்கிறது. சில நாழிகை கழித்துப் பாண்டியன் அவையில் ஒலிப்பதும் இதே தெளிவுதான். ஆதலால் இளைஞர் ஐயுற்றதுபோல் கண்ணகியர் இருவர் இல்லர், ஒருத்தியே. அவள் பேசாதிருந்தது பேசத் தெரியாமையால் அன்று; கேட்பார் இல்லாமையால். கோவலன் கேட்டான், அவள் உரைத்தாள்.

இவ்வளவும் விளங்கியபோது, மற்றவர்களைப் போல நான் மகிழ இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பூம்புகாரிலிருந்து நான்கு கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூர் என்னுடையது. தந்தையார் தடுத்தும் கேளாமல், 1972-இல் மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், நண்பர் சிலரோடு அச்சகம் ஒன்று தொடங்கினேன். இரண்டே ஆண்டில் அது கடனில் மூழ்கிற்று. தந்தையார் முகத்தில் விழிக்க நாணி, ஒருநாள் இரவு மனைவியிடம், "புறப்படு, தில்லிக்குப் போகிறோம்" என்றேன். ஒரே ஒரு தகரப் பெட்டியுடன் அவள் புறப்பட்டாள். பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் போனது வைகறை இருளில். நாங்கள் போனது இரவு வண்டியில். வேற்றுமை அவ்வளவே. சென்னையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறிய பின், வண்டி விந்திய மலையைத் தாண்டும்போது, "தில்லி இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்டது நினைவிருக்கிறது. மதுரை எங்கே என்று வழியில் கண்ணகி கேட்ட இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அக்குரலே கேட்கும்.

கரோல்பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியேறினோம். முதற் குளிர்காலத்தில், கைப்பொருள் தீர்ந்து, அவளுடைய வளையல்கள் இரண்டை விற்கச் சென்றேன். கடைக்காரர் நகையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "யாருடையது? வாங்கிய சீட்டு எங்கே?" என்று வினவினார். எனக்கு இந்தி தடுமாறியது. உள்ளிருந்து இருவர் வந்து வாயிலை மறித்து நின்றனர். அந்தக் கடுங்குளிரிலும் எனக்கு வியர்த்தது. தற்செயலாக அவ்வழியே வந்த எங்கள் தெருத் தமிழர் ஒருவர் உள்ளே நுழைந்து, "இவரை எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றிற்று.

கோவலன் கொலையைப் பற்றி அன்று முதல் எனக்கு ஒரு கருத்து உண்டு. பொற்கொல்லன் பொய்யனே, பாண்டியன் ஆராயாதவனே, ஊழும் உண்டென்றே கொள்வோம். ஆனால் இவை யாவும் செயற்பட இடம் தந்தது எது? அவனை அங்கு எவரும் அறியார் என்பதே. அவன் முகக்குறியைக் கண்ட காவலர், இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்று தயங்கவும் செய்தனர். பொற்கொல்லன் களவு நூலை எடுத்துக்காட்டி அவர்களை மயக்கினான். குறி கண்டு தயங்கியவர் இருந்தனர்; "இவனை அறிவேன், இவன் மாசாத்துவான் மகன்" என்று சொல்ல ஒருவர் இல்லை. புகாரில் அச்சொல் தேவைப்பட்டிராது. இதனாற்போலும், கண்ணகி அரசவையில் முதலில் தன் ஊரையும், பிறகு கணவனின் தந்தையையும் சொல்லித் தன் வழக்கைத் தொடங்குகிறாள். அறியப்படாதார் இருவரையும் அறியச் செய்தபின்னரே சிலம்பை உடைக்கிறாள்.

இக்கருத்தைப் பல மேடைகளில் பெருமையோடு பேசியிருக்கிறேன். வளையல் விற்ற கதையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். ஆனால் வளையலுக்கு உரியவளிடம், கோவலன் கேட்டதை ஒருநாளும் கேட்டதில்லை. சிலம்பைப் பற்றிப் பேசினேன். சோறு படைத்த கையைப் பற்றி எண்ணவில்லை.

அன்பர்கள் சென்றபின் அடுக்களைக்குள் போனேன். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அன்று புறப்படு என்றேன், புறப்பட்டாய். உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. சிறிது நேரம் கழித்துச் சொன்னாள்: "வளையலுக்காக நான் வருந்தியதில்லை. மாமாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தோமே, அது தவறு. திண்ணையில் படுத்திருந்தார். அவர் கால்மாட்டைக் கடந்துதான் நான் வந்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தார் என்று எனக்கு அன்றே தெரியும்."

மூன்றாம் ஆண்டு தந்தையார் மறைந்தார். தந்தி கண்டு நாங்கள் ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் உறங்குகிறார் என்றே இந்நாள்வரை எண்ணியிருந்தேன். தடுத்து நிறுத்தாமல் எங்களைப் போகவிட்டார் என்பதை, ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆனபின், அவள் வாயால் அறிந்தேன். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள்.

நேயர்களே, இலக்கியப் பாத்திரங்களை ஆராய்வது நன்று. அவர்களுள் எவர் குற்றவாளி, எவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிப்பது எளிது. அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்ட கேள்வியை நம் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது சற்றுக் கடினம்.

அடுத்த கூட்டத்தில் வஞ்சிக் காண்டம் படிக்க இருக்கிறோம். கூடத்தில் எங்களோடு அவளும் ஏட்டை விரித்து அமர்வாள். காப்பி போடும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். சுவையில் குறை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.