ஓட்டம் முடிந்ததும் ஒரு சொம்பு கூழ்! தாம்பரம் ஏரிக்கரைகளில் ஒரு ஞாயிறு காலை

பத்து கிலோமீட்டர் ஓடி முடித்து, வியர்வை சொட்டச் சொட்ட வந்து நிற்கிறீர்கள். முதலில் என்ன குடிப்பீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில் இருக்கிறது. 1938-ல் கோலாலம்பூரில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஓட்டக் குழு ஆரம்பித்தார்கள். வார இறுதியில் குடித்துச் சாப்பிட்ட உடம்பைச் சரிசெய்ய ஓட்டம், ஓடி முடித்த பிறகு மறுபடியும் பீர். இதுதான் அவர்களின் திட்டம்! தாங்கள் சாப்பிட்ட கிளப்பின் சுமாரான சாப்பாட்டைக் கிண்டலடித்தே குழுவுக்கும் பெயர் வைத்தார்கள்: 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்'. இன்று உலகம் முழுக்க அதற்குக் கிளைகள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் பெங்களூரிலோ, கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி ஊற்றும் பப்கள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன.

தாம்பரத்தில் அந்தக் கதை நடக்காது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கையில். அந்தக் கடையும் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். காலை ஏழு மணிக்கு ஓடி முடிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், அந்த ஏழு மணிக்கு இங்கே வேறொன்று தயாராக இருக்கிறது. அதுவும் தானியம்தான், அதுவும் புளிக்க வைத்ததுதான், கைப்பக்குவம் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடியதுதான். கூழ்!

இரண்டு ராத்திரி வேலை

கூழ் என்றால் மாவைக் கரைத்துக் காய்ச்சுவதுதானே என்று நினைப்பவர்கள் அதை ஒரு தடவை வீட்டில் செய்து பார்க்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைக்க வேண்டும். இரவெல்லாம் அது புளிக்கும். மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, அடிபிடிக்காமல் கிளற வேண்டும். கட்டி விழாமல் கிளறுவதற்குக் கையில் தெம்பு வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும். அந்தக் களி இன்னொரு ராத்திரி கிடந்து இன்னும் கொஞ்சம் புளிக்கும். மூன்றாம் நாள் காலையில்தான் உப்பும் மோரும் விட்டுக் கையால் கரைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தைத் தூவி, சொம்பில் ஊற்றித் தருகிறார்கள். அதாவது ஞாயிறு காலையில் குடிக்கும் கூழுக்கான வேலை வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடுகிறது.

பீருக்கும் கூழுக்கும் உள்ள உறவு வெறும் கிண்டலுக்குச் சொல்வதல்ல. சிக்கிம், நேபாளம் பக்கம் போனால் இதே கேழ்வரகைப் புளிக்க வைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலில் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். அதன் பெயர் 'தோங்பா'. அது போதை தரும் பானம். அங்கே சேர்ப்பது ஈஸ்ட் கலந்த ஒரு வகைப் புளிப்பு வில்லை, அது தானியத்தின் மாவுச்சத்தை ஆல்கஹாலாக மாற்றுகிறது. நம் ஊர்ப் பானையில் நடப்பது பெரும்பாலும் தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா வகையின் வேலை. அதனால் புளிப்பு வருகிறது, போதை வருவதில்லை. ஒரே தானியம்தான், ஒரு மலைக்கு அந்தப் பக்கம் பீர், இந்தப் பக்கம் ஆடி மாத அம்மன் கோயில் பிரசாதம்!

ஓடுபவருக்கு இதில் என்ன லாபம்? வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும்தான். மோரும் உப்பும் கலந்த கூழில் இரண்டும் திரும்பக் கிடைக்கின்றன, கூடவே மாவுச்சத்தும். பீரில் உள்ள ஆல்கஹாலோ சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். தாகத்தில் இருக்கும் உடம்புக்கு அது தேவையா என்ன?

தொட்டுக்கொள்ள வைத்திருப்பதைப் பார்த்தால் ஓடியதே இதற்காகத்தானோ என்று தோன்றும். மோர் மிளகாய், உப்பில் ஊறிய மாங்காய், கொத்தவரங்காய் வற்றல், வெங்காய வடகம், சில வண்டிகளில் கருவாட்டுக் குழம்பு. தள்ளுவண்டிக்காரம்மாவிடம், "அக்கா, கொஞ்சம் கெட்டியா கரைச்சிக் குடுங்க" என்று கேட்டால் அப்படியே தருவார். கேழ்வரகு வேண்டாம் என்றால் கம்பங்கூழ். முதல் சொம்பைக் குடித்துவிட்டு இரண்டாவது கேட்பவர்கள்தான் அதிகம்.

காற்றுக்குப் பெயர் போன ஊர்

தாம்பரத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒரு பழைய பொருத்தம் உண்டு. மின்சார ரயிலில் வருபவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும்தான் சிகிச்சை. அதற்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். பிறகு அது அரசு மருத்துவமனையாகி, இன்றும் நெஞ்சக நோய்களுக்குச் சிகிச்சை தருகிறது. நுரையீரலுக்கு நல்லது என்று தேடிப் பிடித்த இடம் இது! பக்கத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டு 1937-ல் இங்கே குடிபெயர்ந்தது. 365 ஏக்கர் வளாகம், முட்புதர்க் காடு, புள்ளிமான்கள். அந்தப் பச்சையை உருவாக்கியதில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓடுவதற்கு ஏங்க வைக்கும் இடம்தான். ஆனால் அது பொதுப் பூங்கா இல்லை, கல்லூரி. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது.

அப்படியானால் எங்கே ஓடுவது? ஜி.எஸ்.டி. சாலையை யோசிக்கவே வேண்டாம். விடியற்காலையிலேயே வாகனங்கள் வரிசை கட்டிவிடும். உள்சாலைகளில் வெளிச்சம் குறைவு, நாய்கள் அதிகம். இருட்டில் தனியாக ஓடப் பெண்கள் தயங்குவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் ஞாயிறுதோறும் நீண்ட தூரம் ஓடியாக வேண்டும். அவர்களுக்கு மிச்சம் இருப்பவை ஏரிக்கரைகள்தான்.

தண்ணீர் போன வழியில்

தென்சென்னைப் புறநகரின் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம்... பாதி ஊருக்கு ஏரி இருக்கிறது. இந்த ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி அமைந்த சங்கிலி. சிட்லபாக்கத்தின் உபரி நீர் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஓடுகிறவர் இந்த வழியை ஒட்டியே கிழக்கே போனால், சுற்றுகளையும் சேர்த்து ஒரு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வந்துவிடும். வரைபடச் செயலியில் பார்த்தால், சாலை எங்கெல்லாம் தண்ணீரின் பாதையில் குறுக்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தொடங்க வேண்டியது சிட்லபாக்கத்தில். குரோம்பேட்டை, சானடோரியம் இரண்டு ரயில் நிலையங்களுக்கும் அருகில். ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. காலை ஐந்தரைக்கெல்லாம் காதில் பாட்டோடு ஓடுபவர்கள், மருத்துவர் சொன்னதால் நடப்பவர்கள், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் தாத்தாக்கள் என்று கரை நிறைந்துவிடும்.

இந்தக் கரை சும்மா கிடைத்துவிடவில்லை. ஒரு காலத்தில் 80 ஏக்கருக்கும் மேல் இருந்த ஏரி, ஆக்கிரமிப்புகளில் சுருங்கிச் சுருங்கி இன்று 50 ஏக்கருக்கும் குறைவு. ஓரத்திலேயே குப்பைக் கிடங்கு வேறு. 2019 கோடையில் சென்னையே குடங்களோடு தெருவில் நின்றபோது, காய்ந்து கிடந்த இந்த ஏரிக்குள் குடியிருப்புவாசிகள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். ஐ.டி. ஊழியர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் குப்பை அள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் 25 கோடி ரூபாயில் சீரமைப்புப் பணிகள் வந்தன. கிடங்கில் குவிந்திருந்த குப்பை பிரித்து அகற்றப்பட்டது. இன்றைக்கு அந்த நடைபாதையில் 'ஸ்ட்ராவா'வில் நேரம் பார்த்து ஓடும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

செம்பாக்கம் ஏரிக்கும் இதே போல ஒரு கதை. சுமார் 100 ஏக்கர், கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. 'தி நேச்சர் கன்சர்வன்சி' அமைப்பு, கேர் எர்த் அறக்கட்டளையோடும் சென்னை ஐ.ஐ.டி.யோடும் சேர்ந்து அதை மீட்கும் வேலையில் இறங்கியது. காலை வெயில் ஏறும் நேரத்தில் கரையில் நின்றால் நீர்க்காகங்களையும் தாழைக்கோழிகளையும் பார்க்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் குற்றமில்லை.

ஆனால், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பாதாளச் சாக்கடை முழுமையாக எட்டாத தெருக்களின் கழிவுநீர் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிகளுக்கு வருகிறது. காற்று திரும்பும்போது மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஏரி ஒரு பேரூராட்சியிலும் கால்வாய் இன்னொரு நகராட்சியிலும் என்று கை காட்டிக்கொண்டிருந்த காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இன்னும் முடிந்தபாடில்லை.

கால்வாய் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் முதல் மாடி வரை தண்ணீர், தெருக்களில் படகுகள். இன்றும் அங்கே வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "2015-ல எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்பதுதான்.

நன்மங்கலம் வந்தால் காப்புக்காடு. பழைய கல்குவாரிகளின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. காட்டுக்குள் ஓட வேண்டாம், வெளியே சாலையோரம் போதும். கடைசியில் பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த, உலகளவில் முக்கியமான சதுப்பு நிலம். ஒரு பக்கம் பூநாரைகள், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. இரண்டையும் ஒரே சட்டத்தில் படம் எடுத்துவிடலாம் என்பதுதான் கொடுமை.

பசிக்கு வேறென்ன?

கூழ் பிடிக்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரை வாசலிலேயே அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, சுக்குமல்லி காபி, முடவாட்டுக்கால் சூப் எல்லாம் உண்டு. 'ஆட்டுக்கால்' என்று நினைத்து சைவக்காரர்கள் ஓட வேண்டாம், அது ஒரு கிழங்கு! மேற்குத் தாம்பரம் பக்கம் போனால் சண்முகம் சாலை, ரயில் நிலையம் சுற்றுவட்டாரக் கடைகளில் பொங்கல், வடை, பூரி கிழங்கு, கூடவே ஃபில்டர் காபி. பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எரித்ததை ஒரு நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் திருப்பித் தந்துவிடும், அது வேறு விஷயம்.

வெயில் காலமென்றால் பதநீர், நுங்கு. பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. சாலையோரத்தில் பனை ஓலையை மடித்து ஊற்றித் தருவது பதநீர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பனைமரங்களை எண்ணிப் பார்த்தால் கை விரல்கள் போதும் என்ற நிலைக்குப் புறநகர் வந்துவிட்டது. மனைப்பிரிவு போடும்போது முதலில் போவது பனைதான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தால் பல்லாவரம் சந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். செடி, மண்பானை, பழைய சைக்கிள், மோர் மிளகாய் வரை கிடைக்கும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தியாவின் முதல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இந்தப் பல்லாவரத்தில்தான்.

ஏரிக்கரைக்குப் போவதென்றால் ஆறு மணிக்குள் போய்விடுங்கள். பிரதிபலிக்கும் பட்டை உள்ள உடை, கொஞ்சம் சில்லறை, சொந்தத் தண்ணீர் பாட்டில் போதும். முதல் முறை என்றால் சிட்லபாக்கத்தை மட்டும் சுற்றுங்கள், பள்ளிக்கரணை அடுத்த வாரம் ஆகட்டும். பள்ளிக்கரணை வரை ஓடிவிட்டால் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பேருந்து பிடித்துத் திரும்பிவிடலாம். கூழ் குடிக்க நினைப்பவர்கள் நின்று நிதானமாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதரை மணிக்கெல்லாம் பானையைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.