எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையும் முடி உதிர்தலும்

இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி அதைக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையோ, உணவுப் பாதையையே மாற்றியமைக்கும் பைபாஸ் சிகிச்சையோ செய்துகொண்டவர்களில் பலருக்கு, எடை நன்றாகக் குறைந்துவரும் 3, 4 மாதங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்குகிறது.

மருத்துவம் இதை டெலோஜென் எஃப்ளூவியம் என்கிறது. அதாவது, அறுவையும் விரைவான எடையிழப்பும் தரும் அதிர்ச்சியால், வளர்நிலையில் உள்ள முடிகளில் பல ஒருசேர ஓய்வுநிலைக்குச் செல்கின்றன. அந்த ஓய்வு ஏறத்தாழ 3 மாதங்கள் நீடிப்பதால், விளைவு தாமதமாகவே சீப்பில் தெரிகிறது. உதிர்ந்த முடியின் அடியில் காணப்படும் சிறு வெண்குமிழைக் கண்டு வேரே போய்விட்டதாக அஞ்சுவோர் உண்டு; ஆனால் முடியை வளர்க்கும் நுண்பை தோலுக்குள் சேதமின்றியே இருப்பதால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் முடி மீண்டும் முளைக்கிறது.

முடி மீண்டும் வளரப் புரதம் வேண்டும்; அறுவைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை என்பது பொதுவான வழிகாட்டுதல். ஒரு முட்டையில் 6 கிராம் அளவே இருப்பதால், சுருங்கிய வயிற்றுக்கு அது எளிய இலக்கன்று. உதிர்தல் ஓராண்டைத் தாண்டினால், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், துத்தநாகம், தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிப்பது அவசியம். பலரும் நாடும் பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்குப் பயன் தருவது அரிது என்பதோடு, தைராய்டுப் பரிசோதனை முடிவையும் பிறழச் செய்யக்கூடும்.

இடைக்காலத்தில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதும், இறுக்கிக் கட்டாமல் விடுவதும், 'என்ன, முடியெல்லாம் கொட்டிவிட்டதே' என்னும் உறவினர் கேள்விக்கு விளக்கம் தர மறுப்பதும் நோயாளியின் உரிமைகளே.