தேக்காவில் நான்கு மணங்கள்

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து பஃப்ளோ ரோட்டில் நடந்தால் பூக்கடை, காய்கறிக்கடை, மளிகைக்கடை என்று வரிசையாக வரும். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய தெரு. 2022ல் கொவிட்-19 தொற்றுக்குப் பிறகு வாசனையே தெரியாமல் போன எனக்கு அதுதான் பயிற்சிக்கூடம்.

பலருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிவிடும். சிலருக்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். கிருமி பெரும்பாலும் தாக்குவது வாசனை நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கும் துணை உயிரணுக்களை. அந்த நரம்பணுக்களுக்குப் புதிதாக வளரும் திறனும் உண்டு. நம்பிக்கைக்கு அதுவே ஆதாரம்.

சுவையும் போய்விட்டது என்றுதான் எல்லாரும் சொல்வோம். உண்மையில் நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றை மட்டுமே. மற்றதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மீன் குழம்பில் எனக்குப் புளிப்பு தெரிந்தது, காரம் எரிந்தது. மீன் குழம்பு மட்டும் தெரியவில்லை. தேங்காய்ப்பால் கெட்டுவிட்டதா, அடுப்பில் ஏதாவது கருகுகிறதா என்று மற்றவரைக் கேட்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டியது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் கவனத்தோடு முகர வேண்டும். எல்லாருக்கும் பலிக்கும் என்றில்லை. ஆனாலும் செலவில்லாத முயற்சி.

நான்குமே தேக்கா வட்டாரத்தில் கிடைக்கின்றன. மாலைக்குக் கட்டும் ரோஜாக்கள் எல்லாம் மணப்பதில்லை. பன்னீர் பாட்டில் நம்பகமானது. எலுமிச்சையை ஈரச்சந்தையில் வாங்கித் தோலை நகத்தால் கீறினால் போதும். யூகலிப்டஸ் எண்ணெய்க்கு மருந்துக்கடை. கிராம்பை மளிகைக்கடையில் வாங்கி அங்கேயே முகர்ந்தபோது, “என்ன தம்பி, பழைய சரக்கா இருக்கும்னு சந்தேகமா?” என்றார் கடைக்காரர். காரணத்தைச் சொன்னதும், ஏலக்காய் டப்பாவையும் திறந்து நீட்டினார்.

நான்காம் மாதம் வேறு சிக்கல் வந்தது. உணவங்காடியில் வதங்கும் வெங்காயமும் கலக்கும் காப்பியும் எரிந்த ரப்பர்போல நாறின. வாசனை திரிந்து தெரியும் இந்நிலை, நரம்புகள் மீண்டு வரும்போது பலருக்கு ஏற்படுவதுதான் என்றார் மருத்துவர். அந்த நாள்களில் மேல்மாடித் துணிக்கடைப் பக்கம் போய்விடுவேன்.

முதலில் திரும்பியது கிராம்பு, பிறகு எலுமிச்சை. மல்லிகைக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. காப்பி இன்னும் பாதிதான்.

சில வாரங்களாகியும் வாசனை திரும்பாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு அப்படியென்றால், சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “இன்னைக்கு என்ன தெரியுது?” என்று கேளுங்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.