கேட்காமல் கட்டிய சுவர்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஒரு வேண்டுகோளுடன் வந்தார். "சாமி, பங்கு இல்லத்தில் மாலை வேளையில் ஓர் அறை கொடுத்தால் இருந்து படித்துக்கொள்வேன். வீட்டில் பிள்ளைகள் இருவரும் விடமாட்டேன் என்கிறார்கள்" என்றார். நாற்பதைத் தாண்டியவருக்கு என்ன படிப்பு என்று வியந்தேன்.

அவர் எழுதவிருந்தது பி.எம்.பி. எனப்படும் திட்ட மேலாண்மைத் தேர்வு. அமெரிக்காவில் 1969-இல் தோன்றிய புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட் என்னும் அமைப்பு 1984 முதல் இதனை நடத்தி வருகிறது. பட்டம் பெற்றவராயினும், மூன்று ஆண்டுகள் பணித்திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் இருந்தாலன்றி விண்ணப்பிக்க இயலாது. 2021-இல் நடைமுறைக்கு வந்த முறைப்படி 180 வினாக்கள், 230 நிமிடங்கள். கட்டணத்திற்காக மனைவியின் வளையல்கள் அடகுக்கடை சென்றிருந்தன என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இரவு உணவுக்குப் பின் பயிற்சி வினாக்களை நான் வாசிப்பேன்; அவர் விடை கூறுவார். பணி பாதி நடக்கையில், அதனால் பாதிக்கப்படும் ஒருவர் மறுப்புத் தெரிவிக்கிறார். மேலாளர் முதலில் செய்யவேண்டியது யாது? நான்கு விடைகளும் சரிபோலவே தோன்றும். "மேலதிகாரியிடம் தெரிவிப்பது" என்றார் அவர். "திட்டப்படி தொடர்வது" என்றேன் நான். இரண்டும் தவறு. மறுத்தவரிடமே சென்று காரணத்தைக் கேட்டறிவதே விடை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய பங்கு மண்டபம் நினைவுக்கு வந்தது. வரைபடம் இருந்தது, கணக்கு இருந்தது, குறித்த நாளில் திறப்பு விழாவும் நடந்தது. சமையற்கட்டை மட்டும் மேற்கே வைத்துவிட்டேன். அடித்தளம் தோண்டும்போதே, திருவிழாச் சமையலுக்கு வரும் மூதாட்டி ஒருவர், "சாமி, ஆடிக்காற்று மேற்கேயிருந்துதானே வரும்?" என்றார். "அதையெல்லாம் கட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அம்மா" என்று அனுப்பிவிட்டேன். அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் விருந்துண்போர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே உண்டனர்.

முதல்முறை நம் பொறியாளர் தோற்றார். அதன்பின் பங்கு இல்லத்தின் பக்கமே வரவில்லை. ஞாயிறு பூசையிலும் கடைசி வரிசையில் நின்று, முடியுமுன்னே போய்விடுவார். நானே அவர் வீட்டுக்குச் சென்றேன். ஓராண்டுக்குள் மும்முறை எழுதலாம் என்பது அவருக்குத் தெரியும். மீண்டும் தோற்றால் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அவருடைய அச்சம்.

நான் ஒரு தாளை நீட்டினேன். "தம்பி, பணி முடிந்ததும் பிழைகளை எழுதிவைக்க வேண்டும் என்று உங்கள் பாடம் சொல்கிறதே! என் மண்டபத்தின் பிழையை எழுதியிருக்கிறேன். பங்குப் பேரவையில் வாசிக்குமுன் நீங்கள் பாருங்கள்" என்றேன். மெல்லப் படித்தார். பின்னர் உள்ளே சென்று, அதுவரை எவருக்கும் காட்டாத தம் தேர்வு அறிக்கையைக் கொண்டுவந்தார். செயல்முறைப் பகுதியில் நன்றாகவே செய்திருந்தார். மனிதரை நடத்தும் பகுதியில்தான் சறுக்கியிருந்தார். 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் அப்பகுதிக்கு மட்டும் நூற்றுக்கு 42 பங்கு! "நம் இருவருக்கும் ஒரே நோய், சாமி" என்று சிரித்தார். கதவோரம் நின்ற அவர் மனைவியும் சிரித்தார்.

இரண்டு மாதங்களுக்குப் பின் எழுதி வெற்றி பெற்றார். வளையல்களும் திரும்பின. இப்போது சமையற்கட்டைக் கிழக்கே மாற்றும் பணியை அவரே முன்னின்று நடத்துகிறார். வரைபடம் போடுமுன் அவர் செய்த முதல் வேலை, சமைக்கும் பெண்களோடு தரையில் அமர்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் கேட்டதுதான். அந்த மூதாட்டியிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன். "காற்று எங்கே போகும் சாமி, அடுத்த ஆடியில் பார்ப்போம்" என்றார்.

இச்சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கொருமுறை, 60 மணி நேரக் கற்றலைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். குடும்பத் தலைவர்களே, நம் வீடுகளில் திருமணம் பேசும்போதும், வீடு கட்டும்போதும், பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும்போதும், அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். அதைக் கேட்கும் செவியையும் நாம் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டாமா?