அக்மேதாவில் கிடைத்த உத்தரவு

இடிந்த ஜெபக்கூடத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கியதும், யார் அனுமதித்தது என்று கேட்டு அதிகாரியின் நோட்டீஸ் வந்துவிட்டது. கட்சிக்காரர் வயதான உபதேசியார். "எஸ்றா அஞ்சாம் அதிகாரம் வாசிங்க வக்கீலய்யா, நம்ம கேஸ் அதுல இருக்கு" என்றார்.

உண்மையிலேயே இருந்தது. பாபிலோனுக்குச் சிறைபோன யூதர்கள் ஊர் திரும்பி ஆலயம் கட்டிக்கொள்ளலாம் என்று பாரசீக அரசன் கோரேஸ் கி.மு. 538இல் கட்டளையிட்டான். பிரதான ஆசாரியன் யெசுவாவும் தலைவன் செருபாபேலும் முதலில் எழுப்பியது பலிபீடத்தைத்தான். அஸ்திவாரம் போடுமுன்பே காலையும் மாலையும் பலி நடந்தது. வழிபாட்டு உரிமை வழக்குகளை நடத்தியவர்களுக்கு இதன் கனம் தெரியும். கட்டடம் இல்லாவிட்டாலும் அனுபோகம் விட்டுப்போகவில்லை. எங்கள் சபையாரும் ஓலைக்கொட்டகையில் ஆராதனையை நிறுத்தாமல் நடத்திவந்தார்கள்.

எதிர்ப்பால் நின்றுபோன ஆலய வேலை கி.மு. 520இல் மறுபடி தொடங்கியது. அதிபதி தத்னாய் நேரில் வந்து, கட்டளையிட்டது யார், உங்கள் பெயர்கள் என்ன என்று கேட்டான். மூப்பர்கள் சொன்ன பதிலை இளம் வக்கீல்கள் படிக்க வேண்டும். பழைய ஆலயம் இடிந்தது தங்கள் பிதாக்களின் குற்றத்தால் என்பதை ஒளிக்கவில்லை. அதையும் சொல்லி, கோரேசின் கட்டளையையும் சொன்னார்கள். தத்னாயும் நேர்மையானவன். வேலைக்குத் தடை போடாமல், ஆவணத்தைத் தேடிப் பார்க்கும்படி தரியு அரசனுக்கு எழுதினான்.

பாபிலோனில் தேடத் தொடங்கிய சுருள், மேதிய நாட்டு அக்மேதா அரமனையில் அகப்பட்டது. உயரம் 60 முழம், அகலம் 60 முழம், கல்வரிசை 3, செலவு அரமனையைச் சேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது. எங்களுக்கும் தாலுகாவில் இல்லாத பழைய உத்தரவு மாவட்டப் பதிவறையில் கிடைத்தது. நகலைத் தாக்கல் செய்தோம், நோட்டீஸ் ரத்தானது.

ஆவணம் கேட்பதில் அந்த ஜனங்கள் தங்களுக்கும் சலுகை காட்டவில்லை. வம்ச அட்டவணையில் பெயர் காணாத சில குடும்பங்களை ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கியே வைத்தார்கள். அவர்களுடைய வேதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனாலும் அந்த ஒழுங்கை மதிக்கிறேன்.

தரியுவின் தீர்ப்பு தத்னாயை விலகியிருக்கச் சொன்னது. கட்டுகிற செலவை அரச வரியிலிருந்து கொடுக்கவும், ஆசாரியர்கள் கேட்கும் கோதுமை, உப்பு, திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றைத் தினமும் தவறாமல் கொடுக்கவும் உத்தரவானது. அவனுடைய ஆறாம் ஆண்டு, ஆதார் மாதம் மூன்றாம் தேதி ஆலயம் கட்டி முடிந்தது.